கம்பி மாறலாம், சுற்று மாறலாமா?

பழைய மோட்டார் சைக்கிளைப் பழையபடி ஆக்க நினைப்பவர்கள் இன்ஜின் விஷயத்தில் அதிகம் சண்டை போடுவதில்லை. இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும். கார்புரேட்டர் அந்த ஆண்டு மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். டேங்கின் தங்கக் கோடு கையால் இழுத்ததாக இருந்தால் நல்லது. இவற்றில் பொதுவான உடன்பாடு உண்டு. ஒயரிங் என்று வந்ததும் ஆளுக்கொரு கட்சி. துணி பின்னிய அதே கம்பிதான் வேண்டும் என்பார் ஒருவர். வெளியே தெரியாத இடத்தில் எதைப் போட்டால் என்ன என்பார் இன்னொருவர். 6 வோல்ட்டையே தூக்கிப் போட்டுவிட்டு 12 வோல்ட்டுக்கு மாறு என்பார் மூன்றாமவர்.

இந்தப் பிணக்குக்குக் காரணம் உண்டு. தேய்ந்த சிலிண்டருக்குப் போர் போட்டு, புது பிஸ்டன் வைத்து இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். ரப்பரையும் பருத்தி நூலையும் அப்படிப் புதுப்பிக்க வழியில்லை. அவை தேய்வதில்லை, மட்கிப்போகின்றன. அப்படியானால் ‘ஒரிஜினல் ஒயரிங்’ என்று எதைச் சொல்கிறோம்? செம்பையா, மேலுறையையா, நிறங்களையா, மின்சாரம் போய்த் திரும்பும் வழியையா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1970 வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகளையும், அவற்றின் வழியில் சென்னை திருவொற்றியூரில் தயாரான புல்லட்டையும் வைத்து இந்தக் கேள்வியை ஆராயலாம்.

மூன்று தலைமுறைகள்

அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் மின்பொருள்கள் பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனியுடையவை. அவற்றை மூன்று தலைமுறைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மேக்னட்டோவும் டைனமோவும். மேக்னட்டோ தன் காந்தத்தைக் கொண்டே ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரி செத்தாலும், பேட்டரியே இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். விளக்கும் ஹாரனும் டைனமோவின் பொறுப்பு. பரவலாகப் பொருத்தப்பட்ட லூகாஸ் இ3எல் டைனமோ 6 வோல்ட்டில் 60 வாட் தரும். அதிலிருந்து பேட்டரிக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும், எவ்வளவு போக வேண்டும் என்பதை எம்.சி.ஆர்.2 போன்ற ரெகுலேட்டர் பெட்டி பார்த்துக்கொள்ளும். அதற்குள் இரண்டு காயில்கள். ஒன்று, டைனமோ மெதுவாகச் சுற்றும்போது பேட்டரி மின்சாரம் அதற்குள் திரும்பி ஓடாமல் துண்டிக்கும் கட்-அவுட். மற்றொன்று வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும். நம் ஊர் மெக்கானிக்குகள் பெட்டி முழுவதையுமே கட்-அவுட் என்பதுண்டு. இந்த அமைப்பில் ஓட்டமும் விளக்கும் தனித்தனிச் சுற்றுகள். ஒன்று படுத்தாலும் மற்றொன்று இயங்கும்.

இரண்டாவது, ஆல்டர்னேட்டர். 1953ஆம் ஆண்டு ட்ரையம்ப் ஸ்பீடு ட்வின் லூகாஸின் ஆர்.எம்.12 ஆல்டர்னேட்டரோடும் காயில் இக்னிஷனோடும் வந்தது. கிராங்க் முனையிலேயே காந்த ரோட்டர் சுற்றும். கார்பன் பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை, தேய ஏதுமில்லை. ஆனால் வருவது மாறுதிசை மின்சாரம் என்பதால் ரெக்டிஃபையர் தேவைப்பட்டது. காந்தம் நிலையானது என்பதால் உற்பத்தியைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. அதற்கு லூகாஸ் கண்ட வழி சாமர்த்தியமானது. ஸ்டேட்டரின் காயில்களைப் பகுதிகளாகப் பிரித்து, எத்தனை பகுதி சார்ஜ் செய்ய வேண்டும் என்பதை விளக்குச் சுவிட்சே தீர்மானிக்கும்படி இணைத்தார்கள். ஹெட்லைட் போட்டால் எல்லாக் காயில்களும் வேலை செய்யும், அணைத்தால் ஒரு பகுதி மட்டும். அதாவது விளக்குச் சுவிட்ச்தான் ரெகுலேட்டரும். இதை அறியாமல் கடையில் கிடைத்த சாதாரணச் சுவிட்சை மாட்டினால், ஒன்று பகலில் பேட்டரி கொதிக்கும், அல்லது இரவில் பட்டினி கிடக்கும். பேட்டரி தீர்ந்துபோன வண்டியைக் கிளப்ப, ஆல்டர்னேட்டரை நேராக இக்னிஷன் காயிலோடு இணைக்கும் ‘இ.எம்.ஜி.’ (எமர்ஜென்சி) என்ற நிலையும் பல வண்டிகளின் சாவிச் சுவிட்சில் இருந்தது.

மூன்றாவது தலைமுறை 1960களின் நடுவில் வந்தது: 12 வோல்ட்டும் ஜீனர் டயோடும். வோல்ட்டேஜ் ஓர் அளவைத் தாண்டினால் மிகுதியை ஜீனர் தன் வழியே இழுத்து வெப்பமாக்கிவிடும். அந்த வெப்பம் வெளியேற அலுமினியத் தகட்டோடு இறுக்கமாகப் பொருந்தியிருப்பதும், அந்தத் தகடு சேஸிஸோடு மின்தொடர்பில் இருப்பதும் கட்டாயம்.

இவற்றோடு இன்னொரு வேறுபாடும் உண்டு. 1950களிலும் 60களிலும் வந்த ட்ரையம்ப், பி.எஸ்.ஏ. வண்டிகள் பாசிட்டிவ் எர்த் கொண்டவை. பேட்டரியின் பிளஸ் முனைதான் சேஸிஸில் சேரும், சிவப்புக் கம்பிதான் எர்த். கறுப்பு எர்த், சிவப்பு லைன் என்று பழகிய கை இங்கே ரெக்டிஃபையரை எரித்துவிடும்.

எது கெடுகிறது

பிரிட்டிஷ் வண்டிக்காரர்களிடையே ஜோசப் லூகாஸுக்கு ‘இருளின் இளவரசர்’ என்ற கேலிப் பட்டம் வெகுகாலமாக உண்டு. பட்டம் நகைச்சுவைக்குச் சரி, ஆராய்ச்சிக்கு உதவாது. ஐம்பது அறுபது ஆண்டு ஓடிய வண்டியின் மின்கோளாறுகளைப் பிரித்துப் பார்த்தால் அவற்றை மூன்று வகையில் அடக்கலாம்: பொருளின் முதுமை, இணைப்பின் தளர்ச்சி, பின்னால் வந்தவர்களின் கைவண்ணம்.

முதுமை இயல்பானது. ரப்பர் உறை எண்ணெயாலும் வெப்பத்தாலும் வெடித்துப் பொடியாகும். அதன்மேல் பின்னிய பருத்தியின் நிற இழைகள் மங்கி எல்லாக் கம்பியும் ஒரே பழுப்பாகும். 1950களின் இறுதியையொட்டி வந்த பி.வி.சி. உறையில் மென்மைக்காகச் சேர்த்த பொருள் காலப்போக்கில் வெளியேறி, கம்பி குச்சிபோல் விறைக்கும். உறைக்குள் ஈரம் புகுந்தால் செம்பிழைகள் பச்சை பூத்துக் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பில் ஈயம் ஒட்டாது. மேக்னட்டோவின் காயிலுக்குப் பூசிய அரக்கு வார்னிஷ் வெப்பத்தில் இளகும், உள்ளே அடைத்த கண்டென்ஸர் கசியும். குளிர்ந்த இன்ஜின் ஓர் உதையில் கிளம்பி, சூடான இன்ஜின் எத்தனை உதைத்தாலும் கிளம்பாத வண்டிகளில் பலவற்றின் நோய் இதுதான்.

இணைப்பின் தளர்ச்சி இன்னும் நுட்பமானது. லூகாஸ் ஒயரிங்கில் கம்பிகள் சேருமிடங்களில் குண்டு முனை வைத்து, பித்தளைக் குழலுக்குள் செருகியிருப்பார்கள். குழலின் பிடி தளர்ந்தாலும் உள்ளே களிம்பேறினாலும் கம்பி பார்வைக்குச் சேர்ந்திருக்கும், மின்சாரம் முக்கித் தக்கிப் போகும். எர்த்தின் கதையும் இதுவே. ஹெட்லைட்டின் எர்த் பல வண்டிகளில் ஹேண்டில்பார் வழியாக, கிரீஸ் தடவிய ஸ்டீயரிங் பால்ரேஸைத் தாண்டி சேஸிஸுக்கு வருகிறது. இன்று மீட்டெடுப்பவர்கள் சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் அடிக்கிறார்கள். அழகான, உறுதியான பூச்சு அது, கூடவே நல்ல மின்தடுப்பானும். போல்ட் இறங்கும் இடத்தைச் சுரண்டி உலோகத்தை வெளிக்காட்டாமல் பூட்டினால், பளபளக்கும் புது வண்டி பழைய துருப்பிடித்த வண்டியைவிட மங்கலாக எரியும்.

மூன்றாவது வகைதான் பெரும்பான்மை. எரிந்த ஃபியூஸில் சிகரெட் ஈயத்தாள், கூடுதல் ஹாரனுக்கு நடுவில் வெட்டி முறுக்கிய கம்பி, நம் வெயிலில் இளகிப் பிசினாகும் இன்சுலேஷன் டேப், ஒரே நிறக் கம்பியால் வண்டி முழுக்க இழுத்த ‘ஒயரிங்’. இவற்றுக்கெல்லாம் பர்மிங்ஹாம் பொறுப்பல்ல.

0.2 ஓம் கணக்கு

“6 வோல்ட் வண்டியில் இரவில் போக முடியாது” என்பது பரவலான தீர்ப்பு. அதைக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

6 வோல்ட், 30 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். எரியும்போது அதன் மின்தடை 1.2 ஓம். பேட்டரியிலிருந்து பல்புக்குப் போய் எர்த் வழியாகத் திரும்பும் பாதையில் பேட்டரி முனைகள், ஆம்ப் மீட்டரின் இரு முனைகள், விளக்குச் சுவிட்ச், டிம்-டிப் சுவிட்ச், செருகு இணைப்புகள், பல்பு ஹோல்டர், எர்த் போல்ட் என்று ஏறத்தாழ பத்து இணைப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் 0.02 ஓம் தடுத்தால் மொத்தம் 0.2 ஓம். இப்போது பல்புக்குக் கிடைப்பது சுமார் 5.1 வோல்ட். இழை பல்பின் ஒளி வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4ஆவது அடுக்கில் மாறும். எனவே வோல்ட்டேஜ் 14 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் 40 விழுக்காடு குறைந்துபோகும்.

அதே 0.2 ஓம், 12 வோல்ட் 30 வாட் பல்பின் பாதையில் இருந்தால் வோல்ட்டேஜ் இழப்பு 4 விழுக்காடுதான். வெளிச்ச இழப்பு 13 விழுக்காடு அளவில் நிற்கும். 12 வோல்ட்டுக்கு மாறியவர்கள் வெளிச்சம் கூடியது என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு பகுதி, கெட்ட இணைப்புகளைக் குறைந்த மின்னோட்டம் மன்னித்ததால் வந்தது. மாற்றும்போது கூடவே புதுக் கம்பியும் புது முனைகளும் போட்டதால் வந்தது இன்னொரு பகுதி. எந்தப் பலன் எதனால் கிடைத்தது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் லைன் முனையிலும் மற்றதைப் பல்பின் அடித்தொடர்பிலும் வைத்தால் போகும் வழியின் இழப்பு தெரியும். பல்பின் உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே வைத்தால் திரும்பும் வழியின் இழப்பு தெரியும். 6 வோல்ட் வண்டியில் ஒவ்வொரு பக்கமும் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் திருப்தி. விளக்கை அணைத்துவிட்டு ஓம் அளந்தால் இந்த நோய் பிடிபடாது. மின்சாரம் ஓடும்போது மட்டுமே அது தன்னைக் காட்டும்.

மூன்று கட்சிகள்

முதல் கட்சி, உள்ளதைக் காப்பவர்கள். கம்பெனியில் போட்ட ஹார்னஸ் (கம்பிக் கட்டு) ஓரளவு நன்றாக இருந்தால் அதைக் கழற்றக்கூடாது, கெட்ட முனையை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் வலு உண்டு. அச்சிட்ட ஒயரிங் வரைபடம் ஒரு மாடலுக்கு உரியது. வண்டியில் இருக்கும் ஹார்னஸ் அந்த ஒரு வண்டிக்கே உரிய சாட்சி. கம்பி எந்தப் பக்கமாகத் திரும்புகிறது, எந்தக் கிளிப் எங்கே பிடிக்கிறது என்பதை வரைபடம் சொல்லாது. ஆனால் பொடியும் ரப்பருக்குள் பேட்டரி மின்சாரத்தை விட்டு, பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓட்டுவது காட்சிக்கூடத்தில் நிற்கும் வண்டிக்குத்தான் பொருந்தும். அந்த வண்டிகளில் பலவற்றுக்கு ஒரு ஃபியூஸ்கூடக் கிடையாது.

இரண்டாம் கட்சி, அச்சு அசலாகப் படியெடுப்பவர்கள். பழைய ஹார்னஸைச் சீட்டுக் கட்டிக் குறித்துக் கழற்றி, பலகையில் விரித்து, திருப்பங்களில் ஆணி அடித்து, அதே நீளத்தில் அதே நிறத்தில் புதுக் கம்பி இழுப்பார்கள். மங்கிய நிறத்தைக் கண்டுபிடிக்க, வெயில் படாத கிளிப்புக்கு அடியில் உறையைப் பிரித்துப் பார்ப்பது அவர்கள் உத்தி. பருத்தி பின்னிய ஹார்னஸ்கள் பிரிட்டனில் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. பெரும்பாலும் பருத்திக்கு உள்ளே இருப்பது நவீன பி.வி.சி. கம்பி. இதைப் போலி என்பாரும் உண்டு. கம்பியின் பருமன் சரியாக இருந்தால் அது குற்றமில்லை. 0.3 மில்லிமீட்டர் இழை 14 கொண்ட கம்பி சுமார் 8.75 ஆம்பியர் தாங்கும், 28 இழை கொண்டது 17.5 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு முதலாவது போதும். பேட்டரியிலிருந்து வரும் முதன்மை லைனுக்கும் எர்த்துக்கும் இரண்டாவதைப் போட்டால் இழப்பு குறையும், வெளியே வேறுபாடு தெரியாது.

இவர்களுக்குள் ஒரு கிளைச் சண்டை: குண்டு முனையை ஈயம் வைத்துப் பிடிப்பதா, நசுக்கிப் பிடிப்பதா? ஈயம் மூலமுறை. ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறும் இடம் வரை கம்பி விறைத்துவிடும், அதிர்வில் அந்த எல்லையில்தான் ஒடியும். சரியான பிளையரால் நசுக்கிய முனை அப்படி ஒடிவது குறைவு. தவறான பிளையரால் நசுக்கியது ஈயத்தைவிட மோசம். ஈயம் வைப்பவர் குறைவாக வைத்து, முனைக்கு அருகே ஸ்லீவால் தாங்கல் கொடுத்தால் இரண்டும் சமமே.

மூன்றாம் கட்சி, மேம்படுத்துபவர்கள். 12 வோல்ட் ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன், எல்.இ.டி. பல்பு, நெகட்டிவ் எர்த். வண்டி தினமும் ஓட வேண்டும், இன்றைய போக்குவரத்தில் பின்னால் வரும் லாரிக்கு நம் டெயில் லைட் தெரிய வேண்டும் என்பது அவர்கள் நியாயம். அதை அலட்சியப்படுத்த முடியாது. இவர்களிலும் நிதானமானவர்கள் நல்ல நடுவழி கண்டிருக்கிறார்கள். பழைய எம்.சி.ஆர்.2 பெட்டியின் உள்ளுறுப்புகளை எடுத்து வைத்துவிட்டு, அதே மூடிக்குள் பொருந்தும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை வைக்கிறார்கள். டைனமோவின் முனைகள் மாறுவதில்லை, சுற்று மாறுவதில்லை. வேண்டும்போது பழையதைத் திரும்ப வைக்கலாம். எர்த்தை மாற்றுவது இவ்வளவு எளிதல்ல. டைனமோவின் காந்தத் திசையைத் திருப்ப வேண்டும், ஆம்ப் மீட்டர் கம்பிகளை இடம் மாற்ற வேண்டும், ரெக்டிஃபையரைப் பொருத்தம் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் எர்த்துக்கென்றே எல்.இ.டி. பல்புகள் கிடைக்கும்போது பல்புக்காக வண்டியின் திசையை மாற்றத் தேவையில்லை.

ஆம்ப் மீட்டர் சொல்வது

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவை 1955இல் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள், பிறகு இங்கேயே செய்தார்கள். 1961இல் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கியபோது லூகாஸின் தொழில்முறையும் சென்னையில் வேரூன்றியது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1970வாக்கில் முடிந்துபோன பிறகும் பாயின்ட் (இக்னிஷன் காயிலின் மின்சாரத்தை மூடித் திறக்கும் தொடர்பு), காயில், ஆல்டர்னேட்டர், 6 வோல்ட் பேட்டரி என்ற அமைப்போடு புல்லட் இங்கே நெடுங்காலம் தொடர்ந்தது. அதனால் உதிரிப்பாகங்களுக்கும், அவற்றை அறிந்த கைகளுக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பலவும் கிடைக்கும்.

சுற்றை ஏன் காக்க வேண்டும் என்பதற்குப் புல்லட்டே சிறந்த சான்று. பழைய புல்லட்டைக் கிளப்பத் தெரிந்தவர் முதலில் சாவியைத் திருப்பி ஆம்ப் மீட்டரைப் பார்ப்பார். பாயின்ட் மூடியிருந்தால் இக்னிஷன் காயில் மின்சாரம் இழுக்கும், முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்தும்போது பாயின்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் மேலெல்லைக்கு அருகே வந்துவிட்டது என்று பொருள். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, பிஸ்டனைச் சற்றுத் தாண்டவைத்து, கிக்கரை மேலே விட்டு ஒரே உதை. சாவி, ஆம்ப் மீட்டர், பாயின்ட், காயில் என்ற வரிசை அப்படியே இருந்தால்தான் இந்த முறை நடக்கும். பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் முள் இந்தச் செய்தியைச் சொல்லாமல் போகலாம். ஆம்ப் மீட்டரைத் தாண்டி நேராக லைன் இழுத்தால் முள் அழகுக்கு நிற்கும். பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது, ஆனால் வண்டியைக் கையாளும் முறையே தொலைந்திருக்கும்.

மறுபுறம், அதே புல்லட்டில் பருத்திக்குப் பதில் பி.வி.சி. கம்பி போட்டால் ஓட்டுபவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்கான அளவுகோல் இங்கே இருக்கிறது.

சாசனமும் சட்டமும்

பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் இந்த அளவுகோலோடு பெரிதும் ஒத்துப்போகிறது. பேணிக் காத்தல், சீர்செய்தல், மீட்டெடுத்தல் ஆகியவற்றை அது வேறுபடுத்துகிறது. தவிர்க்க முடியாத மாற்றம் தோற்றத்தையும் அமைப்பையும் மதிக்க வேண்டும், முடிந்தவரை திரும்பப் பழையபடி ஆக்கக்கூடியதாக இருக்க வேண்டும், செய்ததைப் பதிந்து வைக்க வேண்டும், கழற்றிய மூலப்பாகங்களை வண்டியோடு வைத்திருப்பது நல்லது என்கிறது.

இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட தனிப்பதிவு தருகிறது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. ஒயரிங்கை அது பெயர் சொல்லிக் கேட்கவில்லை. எனவே இந்த விஷயத்தில் தீர்ப்பு உரிமையாளரின் மனசாட்சிக்கும் மெக்கானிக்கின் பொறுமைக்கும் விடப்பட்டிருக்கிறது.

முடிவாக

மூன்று கட்சிகளின் வாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை தெளிகிறது. கம்பியும் உறையும் கெடும் பொருள்கள். டயரையும் பேட்டரியையும் போல அவற்றை மாற்றுவதில் மூலத்தன்மை குலையாது. கம்பி போகும் வழி, நிறம், இணைப்பு வகை ஆகியவை ஆவணங்கள். மாற்றும் முன் படமெடுத்து, குறித்து, கூடியவரை அப்படியே படியெடுக்க வேண்டும். சுற்று என்பது வடிவமைத்தவரின் எண்ணம். மேக்னட்டோவைப் பேட்டரியிடமிருந்து பிரித்து வைத்ததும், விளக்குச் சுவிட்சையே ரெகுலேட்டராக்கியதும், ஆம்ப் மீட்டர் முள்ளில் பிஸ்டன் இருக்கும் இடம் தெரிந்ததும் அங்கேதான். அதைத் தொடுவதற்குப் பாதுகாப்பைத் தவிர வேறு காரணம் போதாது. பேட்டரியின் லைனில் ஒளிந்திருக்கும் ஒரு ஃபியூஸ் அப்படிப்பட்ட மாற்றம். அதை எந்தத் தூய்மைவாதியும் எதிர்க்கத் தேவையில்லை.

வேலையின் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் எர்த் போல்ட்டுகளின் கீழ் பெயின்ட்டைச் சுரண்டி, ஹெட்லைட்டுக்குத் தனி எர்த் கம்பி இழுத்து, தளர்ந்த குழல்களை மாற்றி, விளக்கு எரியும்போது இழப்பை அளக்க வேண்டும். பிறகு டைனமோவையோ ஆல்டர்னேட்டரையோ சோதிக்க வேண்டும். 12 வோல்ட்டுக்குப் போகலாமா என்ற கேள்வியை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அந்த நேரத்தில் 0.2 ஓம் காணாமல் போயிருந்தால், பலருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.